சிற்றூரின் ஃபயர் ஹால்: வண்டிக் கொட்டகையும் விருந்துக் கூடமும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் கிராமப்புறங்களில் காரில் சுற்றிவந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: ஊருக்கு ஊர் ‘ஃபயர் ஹால்’ என்று எழுதிய ஒரு கட்டடம் நிற்கிறது, வாசலில் உள்ள பலகையிலோ வெள்ளிக்கிழமை மீன் விருந்து, சனிக்கிழமை பிங்கோ ஆட்டம் என்று அறிவிப்பு இருக்கிறது, பகலில் உள்ளே ஆளே இல்லை. அது தீயணைப்பு நிலையமா, கல்யாண மண்டபமா? அதை யார் கட்டினார்கள், உள்ளே என்ன இருக்கிறது, தீப்பிடித்தால் யார் வருவார்கள்?

அது இரண்டும்தான். அந்தக் கூடத்தின் ஒரு பாதியில் தீயணைப்பு வண்டிகள் நிற்கின்றன. மறு பாதியில் ஊர் உட்கார்ந்து சாப்பிடுகிறது. இரண்டாவது பாதி ஈட்டித் தரும் பணத்தில்தான் முதல் பாதி ஓடுகிறது. நம் ஊரில் தீயணைப்புத் துறை என்றால் சம்பளம் பெறும் அரசு ஊழியர்கள், 101 என்ற எண், சிவப்பு வண்டி என்றுதான் பழகியிருக்கிறோம். அதனால் இந்த ஏற்பாடு முதலில் விளையாட்டாகத் தோன்றும். நான் இந்த மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன்; எங்கள் ஊர்க் கூடத்தில் முதலில் சமையலறையிலும், பிறகு வண்டிக்கு நீர் சேர்க்கும் பணியிலும் உதவி வருகிறேன். எரியும் வீட்டுக்குள் நுழையும் பயிற்சி பெற்றவன் அல்லன். பார்த்தும் படித்தும் அறிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வரலாற்றைப் பிலடெல்பியாவில் தொடங்க வேண்டும். 1736ஆம் ஆண்டு டிசம்பர் 7 அன்று அந்நகரில் பெஞ்சமின் பிராங்க்ளினும் அவருடைய நண்பர்களும் யூனியன் தீயணைப்புக் குழுமத்தைத் தொடங்கினார்கள். அதற்கு ஏறத்தாழ ஈராண்டுக்கு முன்பே, 1735 பிப்ரவரியில், தீயிலிருந்து நகரங்களைக் காப்பது பற்றித் தம் செய்தித்தாளில் வெளியிட்ட கடிதம் ஒன்றில், வந்தபின் மருந்து தேடுவதைவிட வருமுன் காப்பதே மேல் என்று அவர் வலியுறுத்தியிருந்தார். குழுமத்தின் ஒவ்வோர் உறுப்பினரும் தோல் வாளிகளையும், எரியும் வீட்டிலிருந்து பொருள்களை அள்ளி வெளியேற்றுவதற்கான தடித்த துணிப் பைகளையும் சொந்தச் செலவில் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பிராங்க்ளின் பின்னாளில் எழுதிய தன்வரலாற்றில் இரண்டு செய்திகளைப் போகிற போக்கில் குறிப்பிடுகிறார்: உறுப்பினர்கள் மாதம் ஒருமுறை கூடி, மாலைப் பொழுதை ஒன்றாகக் கழித்தபடியே தீயைப் பற்றிய யோசனைகளைப் பேசிக்கொண்டார்கள், கூட்டத்துக்கு வராதவர்கள் செலுத்திய சிறு அபராதத் தொகைகளைக் கொண்டே நீர் இறைக்கும் பொறிகள், ஏணிகள், கொக்கிகள் ஆகியவற்றை வாங்கினார்கள். நீங்கள் சாலையோரம் பார்த்த அறிவிப்புப் பலகையின் வேர் அங்கே இருக்கிறது. ஒன்றுகூடும் மாலையும் பொறி வாங்கும் காசும் முதல் நாளிலிருந்தே பிரிக்க முடியாதவையாக இருந்திருக்கின்றன.

பெருநகரங்கள் இந்த முறையை வெகு காலத்துக்கு முன்பே கைவிட்டுவிட்டன. 1853 ஏப்ரல் 1 அன்று ஒஹாயோவின் சின்சினாட்டி நகரம் நீராவிப் பம்புடன் சம்பளத் தீயணைப்புப் படையைத் தொடங்கியது. நியூயார்க் 1865இலும், பிராங்க்ளினின் பிலடெல்பியாவே 1871இலும் அதே வழிக்கு மாறின. கைப்பம்பை மாறி மாறி அழுத்தப் பத்து இருபது பேர் தேவைப்பட்ட காலம் போய், நீராவிப் பொறியைச் சிலரே இயக்கலாம் என்றானது முதல் காரணம். பொறியை இழுக்கும் குதிரைகளை நாள் முழுவதும் பராமரிக்க நிரந்தர ஆள் வேண்டியிருந்தது இரண்டாவது. யார் முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்ற போட்டியில் தன்னார்வக் குழுமங்கள் தெருவில் அடித்துக்கொண்டதும் நகர மக்களின் பொறுமையைக் குலைத்தது. கிராமங்களின் நிலை வேறு. அங்கே வீடுகள் தொலைவில் தொலைவில் இருக்கும். தீ விபத்து எப்போதாவதுதான் நேரும். வரி கொடுப்பவர்கள் குறைவு. ஆண்டில் சில முறை வரும் தீக்காக ஆறு பேருக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுக்க எந்தச் சிற்றூராலும் இயலாது. ஆகவே அங்கே தன்னார்வ முறை நிலைத்தது. இன்றும் பென்சில்வேனியாவின் தீயணைப்புக் குழுமங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை தன்னார்வலர்களால் நடத்தப்படுபவையே.

ஒரு கூடம் எப்படி உருவாகிறது என்று கேட்டால், பெரும்பாலான ஊர்களின் கதை ஒன்றுபோலவே இருக்கும். ஒரு தானியக் களஞ்சியமோ மாவு ஆலையோ எரிந்து சாம்பலாகிறது. அண்டை ஊரின் பொறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அடுத்த வாரமே ஊர் கூடி ஒரு குழுமத்தை அமைக்கிறது. யாரோ ஒருவரின் கொட்டகையில் கைவண்டி நிற்கிறது. 1910களிலும் 1920களிலும் ஃபோர்டு மாடல் டி வண்டியின் அடிச்சட்டத்தின் மேல் பம்பையும் தொட்டியையும் ஏற்றிய முதல் மோட்டார் வண்டி வருகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒருவர் நிலத்தை நன்கொடையாகக் கொடுக்க, கொத்தனாரும் தச்சரும் மின்பணியாளரும் உறுப்பினர்களாகவே இருப்பதால், சனி ஞாயிறுகளில் தங்கள் உழைப்பாலேயே கட்டடத்தை எழுப்புகிறார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பதை நாம் உவமையாகச் சொல்வோம். அங்கே சுவரே அப்படித்தான் எழுந்தது. வண்டி நிற்கும் பகுதியை முதலில் கட்டி, சில ஆண்டுகள் கழித்து அதன் பக்கவாட்டில் விருந்துக் கூடத்தை ஒட்டவைத்த கட்டடங்களை நீங்கள் இன்றும் அடையாளம் காணலாம்: இரண்டு கூரைகளின் உயரமும் பொருந்தாது, செங்கல்லின் நிறமும் பொருந்தாது.

ஆட்களை அழைக்கும் முறைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. ரயில் எஞ்சின் சக்கரத்தைச் சுற்றியிருக்கும் பழைய இரும்பு வளையம் ஒன்றை மரச்சட்டத்தில் தொங்கவிட்டு, தீ என்றால் சம்மட்டியால் அடிப்பார்கள். அந்த ஒலி வயல்கள் தாண்டிக் கேட்கும். சில கூடங்களின் முன் அந்த வளையம் இன்றும் நினைவுச் சின்னமாக நிற்கிறது. பின்னர் கூரை மேல் மின்சார சைரன் வந்தது, 1970களின் பிற்பகுதியிலிருந்து இடுப்பில் செருகும் பேஜர் வந்தது, இப்போது கைபேசிச் செயலியும் சேர்ந்துகொண்டது. 911 என்ற எண்ணுக்கு வரும் அழைப்பைக் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவின்) கட்டுப்பாட்டு மையம் பெற்று, எந்தக் கூடத்துக்குத் தகவல் போக வேண்டுமோ அந்தக் கூடத்தின் பேஜர்களை ஒலிக்கச் செய்கிறது. அந்த ஒலி கேட்டதும் பால் கறந்துகொண்டிருப்பவரும் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பவரும் கூடத்துக்கு விரைகிறார்கள். சிலருடைய காரில் நீல விளக்கு சுழலும். ஆனால் அது வழிவிடும்படி மரியாதையாகக் கேட்கும் விளக்கு மட்டுமே. சாலை விதிகளை மீறும் உரிமை எதையும் அது தருவதில்லை.

சட்டத்தின் பார்வையில் இந்தக் குழுமங்களில் பல, ஊராட்சியின் ஒரு துறையே அல்ல; தமக்கென விதிகளும் தேர்தலும் வங்கிக் கணக்கும் கொண்ட, இலாப நோக்கற்ற தனி அமைப்புகள். கூடமும் வண்டிகளும் பெரும்பாலும் குழுமத்தின் சொத்து. தலைமை இரண்டாகப் பிரிந்திருக்கும்: பணம், கட்டடம், விருந்து ஆகியவற்றைத் தலைவர் பார்த்துக்கொள்வார், தீக்களத்தில் ‘சீஃப்’ சொல்வதே இறுதி. உறுப்பினர் காயமடைந்தால் இழப்பீட்டுக் காப்பீடு செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு. வெளிமாநிலக் காப்பீட்டு நிறுவனங்கள் இங்கே விற்கும் தீக் காப்பீட்டின் பிரீமியத்தின் மீது மாநிலம் 2 விழுக்காடு வரி வாங்கி, அதைத் தன்னார்வலர்களின் நிவாரணச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. பாதுகாப்பு உடைகளிலும் பயிற்சியிலும் ஒரு பங்கு அந்தப் பணத்தில் நடக்கிறது. ஏதோ ஒரு வீட்டின் காப்பீட்டுத் தவணை, அந்த வீட்டைக் காக்க ஓடுபவரின் கையுறையாக மாறும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர்களை நான் மனமாரப் பாராட்டுவேன்.

இனி உள்ளே செல்வோம். பெரிய ஷட்டர் கதவுகளுக்குப் பின்னால் இருப்பதுதான் வண்டிக் கூடம். அதன் தரை வழுக்காத சிமெண்டாலானது, நடுவே நீர் வடியும் கால்வாய் ஓடும். குளிர்காலம் முழுவதும் அந்தப் பெரிய இடத்தைச் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஏனென்றால் வண்டியின் தொட்டியில் எப்போதும் நீர் நிறைந்திருக்கும், அது உறைந்தால் பம்பே வெடித்துவிடும். ஆளில்லாத கட்டடத்துக்கு வரும் எரிபொருள் கட்டணத்தைக் கண்டு புதிய உறுப்பினர்கள் திகைப்பார்கள். பழைய கூடங்களில் கதவின் உயரமும் அகலமும் 10 அடி அளவில்தான் இருந்தன. இன்றைய வண்டிகளுக்கு 14 அடி வேண்டும் என்பதால், கதவுக்கு ஏற்ற வண்டியைத் தனியாகச் செய்யச் சொல்வதா, சுவரை இடிப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கும் ஊர்கள் உண்டு. நிற்கும் வண்டி ஒவ்வொன்றுடனும் மின்கம்பி ஒன்று இணைந்திருக்கும். மின்கலம் எப்போதும் நிறைந்திருப்பதற்காக. எஞ்சினை இயக்கியவுடன் அந்த இணைப்புத் தானாகத் தெறித்து விழும். புகைபோக்கியில் பொருத்தப்பட்ட குழாய் டீசல் புகையை வெளியே இழுத்துக்கொண்டு, வண்டி வாசலைத் தாண்டும் நொடியில் கழன்றுகொள்ளும்.

கட்டடத்தின் ஒரு மூலையில் கோபுரம்போல உயர்ந்த பகுதி இருந்தால், அது வழிபாட்டுக்கானது அல்ல. பருத்தி உறையிட்ட பழைய தண்ணீர்க் குழாய்களை ஈரத்தோடு மடித்து வைத்தால் உளுத்துப்போகும். 50 அடி நீளக் குழாய்களை மேலிருந்து தொங்கவிட்டு நீரை வடியவிடவே அந்தக் கோபுரத்தைக் கட்டினார்கள். செயற்கை இழைக் குழாய்கள் வந்தபின் அதன் தேவை பெரிதும் குறைந்துவிட்டது. சில ஊர்களில் அதன் உச்சியில் இப்போது வானொலிக் கம்பம் நிற்கிறது.

உடை மாற்றும் அறையில்தான் அண்மை ஆண்டுகளின் பெரிய மாற்றத்தைக் காணலாம். முன்பெல்லாம் தடித்த மேலங்கியும் காற்சட்டையும் தலைக்கவசமும் வண்டிக்கு அருகிலேயே கொக்கியில் தொங்கும். கரி படிந்த அங்கி அனுபவத்தின் அடையாளமாகக்கூடக் கருதப்பட்டது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்புப் பணியையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு அந்தப் பெருமை பேச்சு அடங்கிவிட்டது. இப்போது வசதியுள்ள கூடங்களில் உடைகளுக்குத் தனி அறை, தனிக் காற்றோட்டம், கரியை நீக்கும் பெரிய சலவை இயந்திரம், திரும்பியவுடன் குளிப்பதற்கான இடம் ஆகியவை உண்டு. வசதி இல்லாத கூடங்களில் இவை இல்லை. கரியும் நச்சும் தோய்ந்த உடையைக் காரின் பின்னிருக்கையில், குழந்தை உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு வீடு திரும்பியவர்களை நான் அறிவேன். புதிய வண்டிக்கு நிதி திரட்டும் ஊர், அதற்கு முன் ஒரு சலவை இயந்திரம் வாங்கட்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூச்சுக்காற்று உருளைகளை நிரப்பும் அழுத்தப் பொறி, வானொலி அறை, பயிற்சி வகுப்பறை ஆகியவையும் உண்டு. அவற்றைப் பற்றி விரிக்கத் தேவையில்லை. நீரைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நகரத் தீயணைப்புக்கும் கிராமத் தீயணைப்புக்கும் உள்ள உண்மையான வேறுபாடு அதில்தான் இருக்கிறது.

நகரத்தில் தெருவுக்குத் தெரு தீயணைப்புக் குழாய் இருக்கும்; இணைத்தால் போதும். கிராமத்தில் தெருவில் குழாயே கிடையாது, நீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். முதல் வண்டியின் தொட்டியில் 1000 காலன், அதாவது ஏறத்தாழ 3785 லிட்டர் நீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு குழாய் நிமிடத்துக்கு 150 காலன் பீய்ச்சினால், ஏழு நிமிடம் முடிவதற்குள் தொட்டி காலி. ஆகவே இரண்டாவதாக 2000 முதல் 3000 காலன் கொள்ளும் டேங்கர் ஓடிவர வேண்டும். அது வந்ததும் சாலையோரத்தில் மடக்குத் தொட்டி ஒன்றை விரிப்பார்கள்: இரும்புச் சட்டமும் தடித்த தார்ப்பாய்த் துணியும் கொண்ட அது, குழந்தைகள் விளையாடும் நீச்சல் தொட்டிபோலத் தோன்றும். டேங்கர் தன் நீர் முழுவதையும் பின்பக்க மடை வழியாக அதில் கொட்டிவிட்டு, அடுத்த சுமைக்குக் குளத்தை நோக்கிப் பறந்துவிடும். அண்டை ஊர்களின் டேங்கர்களும் வரிசையில் சேர்ந்துகொள்ள, குளத்துக்கும் தீக்கும் இடையே வண்டிகள் சக்கரம்போலச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

குளத்திலிருந்து நீரை உறிஞ்சும் வேலையைத்தான் நான் முதலில் கற்றேன். குளக்கரையில் வண்டியை நிறுத்தி, விறைப்பான 10 அடிக் குழாய்களை ஒன்றோடொன்று முறுக்கி இணைத்து, வடிகட்டியைச் சேற்றில் படாதபடி கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்குவோம். பிறகு பம்பிலும் குழாயிலும் உள்ள காற்றை வெளியேற்றும் சிறு பொறியின் பிடியை இழுக்க வேண்டும். அது ஆடு கத்துவதுபோல உரக்க இரையும். சில நொடிகள் எதுவும் நடக்காது. அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்குக் கீழே சாயும்; குழாயின் மேல் கை வைத்திருந்தால் அது குளிர்ந்து கனப்பது தெரியும்; வண்டிக்கு அடியில் நீர் சிதறும்; எஞ்சினின் ஒலி திடீரெனத் தாழ்ந்து கனமாகும். நீர் ஏறிவிட்டது என்று பொருள். உண்மையில் பம்பு நீரை இழுப்பதில்லை. காற்று வெளியேறிய இடத்துக்குள் வெளிக்காற்றின் அழுத்தமே நீரைத் தள்ளி ஏற்றுகிறது. ஆகவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பம்பானாலும் கணக்கின்படி 34 அடிக்கு மேல் நீரை ஏற்ற முடியாது. நடைமுறையில் 20 முதல் 25 அடி. இணைப்பில் நெல்மணி அளவு இடைவெளி இருந்தாலும் காற்று புகுந்து எல்லாம் வீணாகும். அன்று முதல் முயற்சியில் என் இணைப்பு ஒன்றில் ரப்பர் வளையத்தில் கூழாங்கல் சிக்கியிருந்தது, நீர் ஏறவில்லை. எனக்குக் கற்பித்த முதியவர் ஒன்றும் சொல்லாமல் குழாயைக் கழற்றி, வளையத்தை விரலால் துடைத்துக் காட்டினார். அதன் பிறகு வளையத்தைத் தடவிப் பார்க்காமல் நான் எதையும் இணைத்ததில்லை.

இந்தச் சிரமத்தைக் குறைக்கவே பல குளங்களில் ‘உலர் குழாய்’ ஒன்றை நிரந்தரமாகப் பதித்திருக்கிறார்கள். சாலையோரத்தில் ஆறு அங்குல பிளாஸ்டிக் குழாயின் வாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மறுமுனை குளத்தின் உட்பகுதியில், குளிர்காலப் பனித்தகட்டுக்கும் கீழே இருக்கும். வண்டியிலிருந்து ஒரே ஓர் இணைப்பு போதும். கரையில் பனிக்கட்டியை வெட்டும் வேலை மிச்சம். குளம் தனியார் நிலத்தில் இருப்பதால் உழவரின் ஒப்புதலைப் பெற வேண்டும். அந்த உழவரே பெரும்பாலும் குழுமத்தின் உறுப்பினராகவும் இருப்பார்.

இனி மறு பாதி. இங்கே முதலிடம் சமையலறைக்குத்தான் என்று சொன்னால் நீங்கள் வியக்கக் கூடாது. நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் அடுப்புகள், ஆழ்ந்த எண்ணெய்ச் சட்டிகள், உள்ளே ஆள் நடந்துபோகக்கூடிய குளிர் அறை. அதை ஒட்டி மேடையும் மடக்கு மேசைகளும் கொண்ட கூடம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பொரித்த மீன், கோடையில் கரியடுப்பில் சுட்ட கோழி, குளிரில் கோழியும் மக்காச்சோளமும் சேர்ந்த சூப், காலை வேளையில் பான்கேக் என்று பருவத்துக்கேற்ப விருந்து மாறும். திருமண வரவேற்புக்கும் இறுதிச் சடங்குக்குப் பின்னான உணவுக்கும் கூடம் வாடகைக்கு விடப்படும். பிங்கோவுக்கு 1981இலும், குலுக்கல் சீட்டு போன்ற சிறு ஆட்டங்களுக்கு 1988இலும் மாநிலம் தனிச் சட்டங்கள் இயற்றி, இத்தகைய அமைப்புகள் அவற்றை நடத்த வழி செய்தது. புதிய பம்பு வண்டி ஒன்றின் விலை இன்று பல லட்சம் டாலர். ஒருவரைத் தலை முதல் கால்வரை பாதுகாப்பாக உடுத்துவதற்கே சில ஆயிரம் டாலர் ஆகும். மாநிலம் 2 விழுக்காடு வட்டியில் கடன் கொடுக்கிறது, கூட்டாட்சி அரசு 2001 முதல் மானியம் வழங்குகிறது. ஆனால் கடனின் தவணையைக் கட்ட வேண்டியது மீன் விருந்துதான். இந்தச் சுமையின் பெரும்பகுதியைச் சுமந்தவர்கள் மகளிர் துணைக்குழுவினர். எரியும் வீட்டின் முன் நிற்பவர்களைப் படம் எடுக்கிறார்கள்; ஐம்பது ஆண்டுகள் உருளைக்கிழங்கு உரித்து அந்த வண்டியை வாங்கிக் கொடுத்த கைகளை யாரும் படம் எடுப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

லங்காஸ்டர் கவுண்டிக்கு மார்ச் மாதத்தில் சென்றால் இதன் உச்சத்தைக் காணலாம். அங்கே கார்டன்வில் முதலிய ஊர்களின் தீயணைப்புக் குழுமங்கள் ‘மட் சேல்’ என்னும் ஏலத்தை நடத்துகின்றன. ‘மட்’ என்றால் சேறு. பனி உருகிய வயல் முழங்கால்வரை சேறாக இருக்கும் பருவத்தில் நடப்பதால் அந்தப் பெயர். கையால் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகள், குதிரைகள், குதிரை வண்டிகள், கலப்பைகள், மர நாற்காலிகள் என அனைத்தும் ஏலத்துக்கு வரும். ஒரே நேரத்தில் பல ஏலக்காரர்கள் பல மூலைகளில் பாட்டுப்போல விலை கூவுவார்கள். ஈரக் கம்பளியின் வாசனையும் சூடான டோனட்டின் வாசனையும் கலந்து வரும் அந்தக் காலை வேளையில், கறுப்புத் தொப்பியும் தாடியுமாக நிற்கும் ஆமிஷ் (எளிய வாழ்வைப் பேணும் கிறித்தவப் பிரிவு) உழவர்களே கூட்டத்தில் பெரும்பான்மை. ஆமிஷ் மக்கள் தங்கள் சமய ஒழுக்கப்படி கார் ஓட்டுவதில்லை; ஆனால் இந்தக் கவுண்டியின் பல குழுமங்களில் தீயணைப்பு வீரர்களாகப் பெருமளவில் சேர்ந்திருக்கிறார்கள். பேஜர் ஒலித்தால் நடந்தோ, கால்தள்ளு வண்டியிலோ, அண்டை வீட்டாரின் காரிலோ கூடத்துக்கு வந்துவிடுவார்கள். வண்டியை ஆமிஷ் அல்லாத உறுப்பினர் ஓட்டுவார். உள்ளே ஏறி, முகக்கவசம் அணிந்து, தீக்குள் நுழைபவர் ஆமிஷ் இளைஞராக இருப்பார். வணிகக் காப்பீட்டை நாடாமல் சபையின் உதவி நிதியையும் ஒருவர்க்கொருவர் தோள்கொடுக்கும் வழக்கத்தையும் நம்பி வாழும் சமூகம் அது. எரிந்த களஞ்சியத்தை மறுவாரமே கூடிக் கட்டுகிறவர்களுக்கு, அதை எரியாமல் காக்கும் வேலையும் தங்களுடையது என்று தோன்றியது இயல்புதான்.

2006 அக்டோபர் 2 அன்று அதே கவுண்டியின் பார்ட் ஊராட்சியில், நிக்கல் மைன்ஸ் என்னும் இடத்திலிருந்த ஆமிஷ் பள்ளியில் துப்பாக்கியுடன் நுழைந்த ஒருவன் ஐந்து சிறுமிகளைக் கொன்றான். பார்ட் குழுமத்தின் தன்னார்வலர்கள் உதவிக்கு விரைந்தார்கள். அந்த ஊரின் தீயணைப்புக் கூடமே அடுத்த நாள்களில் எல்லாருக்கும் ஒன்றுகூடும் இடமாக ஆனது. மீன் பொரிக்கும் அடுப்புகள் துயர நாள்களில் எதற்கு என்று கேட்பவருக்கு அந்த வாரம் பதில் வைத்திருக்கிறது. அந்த ஊரில் வெறும் வண்டிக் கொட்டகை மட்டுமே இருந்திருந்தால், அந்த மக்கள் எங்கே உட்கார்ந்திருப்பார்கள்?

மாநிலத்தின் மறுகோடியில், சோமர்செட் கவுண்டியில், 250 பேருக்கும் குறைவானோர் வாழும் ஷாங்க்ஸ்வில் என்ற சிற்றூர் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 காலை 10.03 மணிக்கு, கடத்தப்பட்ட யுனைடெட் 93 விமானம் அவ்வூரை அடுத்த பழைய நிலக்கரிச் சுரங்க நிலத்தில் மோதியது. கடத்தல்காரர்கள் நால்வரைத் தவிர 40 பேர் அதில் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. அழைப்பைக் கேட்டு ஓடியவர்கள் ஷாங்க்ஸ்வில் தன்னார்வத் தீயணைப்புக் குழுமத்தினரும் சுற்றுவட்டாரக் குழுமத்தினரும்தான். அவர்கள் கண்டது ஒரு பள்ளமும் புகையும் மரங்களுக்கிடையே சிறு சிறு தீயும் மட்டுமே. காப்பாற்ற யாரும் இல்லாத இடத்தில் நிற்க நேர்வது இந்தப் பணியின் மிகக் கடுமையான பகுதி. 2008இல் நியூயார்க் தீயணைப்பு வீரர்கள், உலக வர்த்தக மையத்தின் இடிபாடுகளிலிருந்து எடுத்த எஃகாலான சிலுவை ஒன்றை அந்தக் கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பென்டகன் கட்டடத்தின் ஐங்கோண வடிவில் அமைந்த பீடத்தின் மேல் அது கூடத்துக்கு வெளியே நிற்கிறது. அந்த வழியாகச் செல்ல நேர்ந்தால் அவசியம் நின்று பாருங்கள்.

நீங்கள் கேட்ட கேள்விகளுள் ஒன்று, தீப்பிடித்தால் யார் வருவார்கள் என்பது. இதற்கு நேர்மையான பதில், முன்பைவிடக் குறைவானவர்களே வருகிறார்கள் என்பதுதான். 1970களில் பென்சில்வேனியாவில் ஏறத்தாழ 3,00,000 தன்னார்வத் தீயணைப்பாளர்கள் இருந்ததாகவும், அந்த எண்ணிக்கை சுமார் 38,000 ஆகச் சரிந்துவிட்டதாகவும் மாநிலச் சட்டமன்றம் அமைத்த ஆணையம் 2018இல் அறிக்கை தந்தது. ஊரிலேயே வேலை செய்தவர்கள் இப்போது ஐம்பது மைல் தள்ளி வேலைக்குப் போகிறார்கள், ஆலைகள் மூடப்பட்டன, கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் மாலைப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவது எளிதன்று. எரியும் வீட்டுக்குள் நுழைவதற்கான அடிப்படைப் பயிற்சியே 150 மணி நேரத்தைத் தாண்டும். அதைக் குறைக்கச் சொல்வோரும் உண்டு. நான் அதற்கு உடன்பட மாட்டேன். 2013 ஏப்ரல் 17 அன்று டெக்சாஸின் வெஸ்ட் என்னும் சிற்றூரில் உரக் கிடங்குத் தீயை அணைக்கச் சென்றபோது அமோனியம் நைட்ரேட் வெடித்து 15 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் உதவிக்கு ஓடியவர்கள். எதன் முன் நிற்கிறோம், எப்போது பின்வாங்க வேண்டும் என்ற அறிவு சம்பளம் வாங்குபவருக்கும் வாங்காதவருக்கும் ஒரே அளவில் தேவை.

தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வகுத்த அளவுகோலின்படி, சதுர மைலுக்கு 500 பேருக்கும் குறைவாக வாழும் பகுதியில் 14 நிமிடத்துக்குள் ஆறு பேர் களத்தில் சேர வேண்டும். பத்தில் எட்டு முறையாவது இது நிறைவேற வேண்டும். செயற்கை நுரையும் பாலியஸ்டரும் நிறைந்த இன்றைய வரவேற்பறையோ ஐந்து நிமிடத்துக்குள் முழுவதும் பற்றிக்கொள்ளக்கூடியது. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வண்டி வருவதற்குள் உயிரைக் காப்பது வீட்டுக்கூரையில் ஒட்டியிருக்கும் புகை எச்சரிக்கைக் கருவிதான். அதனால்தான் பல கூடங்களில் அவற்றை இலவசமாகத் தருகிறார்கள், தாங்களே வந்து பொருத்தியும் கொடுக்கிறார்கள். பகல்நேர ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க, ஒரே அழைப்புக்கு மூன்று நான்கு ஊர்களை ஒரே நேரத்தில் எழுப்புகிறார்கள். அருகருகே உள்ள குழுமங்கள் ஒன்றாக இணைகின்றன. சில இடங்களில் பகலுக்கு மட்டும் சம்பள ஓட்டுநரை வைக்கிறார்கள். இணைவதை ஊரின் பெயர் அழிவதாகக் கருதி எதிர்க்கும் முதியவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆயினும் இரண்டு ஊர்களில் ஆளில்லாமல் நிற்கும் இரண்டு வண்டிகளைவிட, ஆளோடு கிளம்பும் ஒரு வண்டி மேலானது. பென்சில்வேனியாவில் 14 வயது நிறைந்தவர்கள் இளையோர் பிரிவில் சேரலாம். அவர்கள் எரியும் கட்டடத்துக்குள் செல்ல மாட்டார்கள், ஆனால் குழாய் சுருட்டவும் கருவிகளை அடையாளம் காணவும் கற்பார்கள். எங்கள் கூடத்தில் இன்று பம்பை இயக்குபவர்களில் சிலர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள்.

உள்ளே சென்று பார்க்கலாமா என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கும். தாராளமாகச் செல்லலாம். பகலில் பூட்டியிருக்கும் கூடத்துக்கு வாரம் ஒரு மாலை பயிற்சி நாள் உண்டு; அந்த நேரத்தில் கதவுகள் திறந்திருக்கும், விளக்குகள் எரியும், கேட்டால் வண்டியின் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து காட்டுவார்கள். அக்டோபரில் வரும் தீத் தடுப்பு வாரத்தில் பல கூடங்கள் எல்லாருக்கும் திறந்துவிடப்படும். விருந்து நாளில் போனால் பத்துப் பதினைந்து டாலரில் வயிறார உண்ணலாம். சைவம் மட்டும் உண்பவர்கள் பான்கேக் காலையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. காரை மட்டும் பக்கவாட்டில் உள்ள புல்வெளியில் நிறுத்துங்கள். முன்பக்கத்துப் பெரிய கதவுகளுக்கு எதிரே ஒரு நிமிடம்கூட நிறுத்த வேண்டாம்.